மிச்சிகன்ல வில்லு வச்சு மான் வேட்டை: அக்டோபர் 1-க்கு முன்னாடி என்னென்ன பண்ணணும்

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். ஆன் ஆர்பர் பக்கம் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, கூட வேலை பாக்குற ஒருத்தர் தன்னோட பழைய காம்பவுண்ட் வில்ல, அதாவது ரெண்டு நுனியிலயும் சக்கரம் வச்ச வில்ல, சும்மாவே குடுத்துட்டார், இந்த அக்டோபர்ல மான் வேட்டைக்குப் போகணும், இப்ப ஜூலை, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல, வீடியோ பாத்தா ஆளாளுக்கு ஒரு சாமான் வாங்கச் சொல்றான்.

நான் இதே மிச்சிகன்ல பதினோரு சீசன் பாத்தவன். முதல் மூணு சீசன் வெறுங்கையோட வந்தேன். அதனால நான் சொல்றத அனுபவப்பட்டவன் புலம்பல்னு எடுத்துக்கோங்க. ஒரே ஒரு விஷயத்த மனசுல வச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா வரிசைக்கு வந்துடும்: முதல் வருஷம் உங்களுக்கு 20 யார்டுதான், அதாவது 60 அடிதான் எல்லை. வில்லு, பயிற்சி, எந்த மரத்துல உக்காரணும், எந்த மானை விடணும், எல்லாமே அந்த 20 யார்டுலேந்து பின்னாடி கணக்குப் போட்டு வாங்க.

முதல்ல பேப்பர் வேலைய முடிச்சிடுங்க, ஏன்னா செப்டம்பர் கடைசில எல்லாரும் முண்டியடிப்பாங்க. 1960 ஜனவரி 1 அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்க ஹன்டர் சேஃப்டி சர்டிபிகேட் வாங்கியிருக்கணும், கோர்ஸ் ஆன்லைன்லயும் இருக்கு. அதுக்கு நேரமில்லன்னா அப்ரன்டிஸ் லைசன்ஸ்னு ஒண்ணு உண்டு, 21 வயசுக்கு மேல லைசன்ஸ் உள்ள ஒருத்தர் கூடவே வரணும். முதல்ல பேஸ் லைசன்ஸ், அதுக்கு மேல மான் லைசன்ஸ், ரெண்டும் தனித்தனி. பெட்டை மான எந்த டேக்ல, அதாவது அடிச்ச மான்ல கட்டுற லைசன்ஸ் சீட்டுல, எடுக்கலாம்ங்கிற விதி அடிக்கடி மாறுது, அதனால அந்தந்த வருஷ ரூல் புக்க நேச்சுரல் ரிசோர்சஸ் டிபார்ட்மென்ட் சைட்ல எடுத்து ஒரு தடவை முழுசா படிங்க, மொத்தமே ஒரு காபி குடிக்கிற நேரம்தான்.

நம்ம ஊர்ல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்ததுலேந்து மானத் தொட்டா ஜெயில்னு கேட்டே வளந்தவங்க நாம, அதனால இங்க கடைல போய் லைசன்ஸ் கேக்கவே எனக்கு முதல்ல கூச்சமா இருந்துச்சு. வீட்டுல அம்மாகிட்ட போன்ல சொன்னப்ப ரெண்டு நிமிஷம் பேசவே இல்ல. ஆனா இங்க கதை வேற. ஓநாயும் மலைச்சிங்கமும் ஒழிஞ்சுபோன தென் மிச்சிகன்ல மான் பெருகிக் கிடக்கு, மாநிலம் முழுக்க வருஷத்துக்கு 50,000-க்கு மேல கார் மான் மோதல் நடக்குது. வில்லு மேல போடுற 11 சதவீத ஃபெடரல் வரி காட்டுயிர் நிர்வாகத்துக்குத்தான் திரும்பிப் போகுது. அந்த வரிச் சட்டத்தோட வேர் 1937-ல இருக்கு, வில்லு சாமானெல்லாம் அதுக்குள்ள வந்தது 1970-கள்ல.

இப்ப அந்த இனாம் வில்லுக்கு வருவோம். குடுத்தவர் என்ன உயரம்? ஆறடி ஆள்னா அவரோட டிரா லெங்த், அதாவது நாண முழுசா இழுக்குற தூரம், 29, 30 இஞ்ச் இருக்கும். உங்க ரெண்டு கையையும் சுவத்துல விரிச்சு நடுவிரல் நுனிலேந்து நுனிவரை அளந்து 2.5-ஆல வகுங்க, கை விரிப்பு 68 இஞ்ச்னா உங்க டிரா லெங்த் சுமாரா 27. ரெண்டு இஞ்ச் அதிகமான வில்ல இழுத்தா முகம் பின்னாடி சாயும், நாண் முழங்கைக்குக் கீழ சுளீர்னு அடிக்கும், அந்தத் தழும்பு ஒரு வாரம் போகாது. பல வில்லுல கேம்ங்கிற அந்தச் சக்கரத்துல மாட்யூல் மாத்தி சரி பண்ணிடலாம், சிலதுல முடியாது. அதுக்கு ஆர்ச்சரி கடைக்குத்தான் போகணும், ஆன்லைன்ல பாகம் வாங்கி வீட்டுல நோண்டாதீங்க, வில்ல அமுக்கிப் பிடிக்கிற வில் பிரஸ் இல்லாம நாணக் கழட்டப் போய் விரல் போனவங்க உண்டு. நாண் எப்ப மாத்தினதுன்னும் கேளுங்க, ரெண்டு மூணு வருஷத்துக்கு மேல ஆயிருந்தா புதுசு போட்டுடுங்க. இன்னொண்ணு, அம்பு மாட்டாம இழுத்து விடவே கூடாது. ஆசையா இருக்கும், ஆனா ஒரு தடவை விட்டா போதும், கேம் விரிசல் விட்டு மொத்த வில்லும் வெடிச்சுடலாம்.

நாண இழுக்குற பலம் எத்தன பவுண்டு வேணும்னு எல்லாரும் மீசைய முறுக்குவாங்க. 70 தேவையே இல்ல. சேர்ல உக்காந்து, ரெண்டு காலையும் தரைலேந்து தூக்கிட்டு, வில்ல வானத்துப் பக்கம் தூக்காம நேரா நீட்டினபடியே இழுக்க முடியுதா பாருங்க. முடியலன்னா உங்களுக்கு அது ஜாஸ்தி. நவம்பர் குளிர்ல மூணு மணி நேரம் ஆடாம அசையாம உக்காந்துட்டு, கனமான ஜாக்கெட்டோட, மான் பாத்துட்டு இருக்கறப்ப மெதுவா இழுக்கணும். நான் இப்பவும் 55 பவுண்டுதான், 420 கிரெய்ன் எடையுள்ள அம்பு, மான்ல உள்ள நுழைஞ்சு அந்தப் பக்கம் மண்ணுல குத்தி நிக்குது. அதுக்கு மேல என்ன வேணும்?

அம்பு முனைக்கு இங்க விதி இருக்கு: அம்பு 14 இஞ்சுக்குக் குறையக் கூடாது, பிராட்ஹெட்ங்கிற பிளேடு முனை குறைஞ்சது முக்காலே அரைக்கால் இஞ்ச், அதாவது 7/8 இஞ்ச் அகலம் இருக்கணும். பறக்கும்போது மடங்கியிருந்து பட்டதும் விரியிற மெக்கானிக்கலா, எப்பவும் விரிஞ்சே இருக்குற ஃபிக்ஸ்டானு பெரிய சண்டையே நடக்கும். புதுசா வர்றவங்களுக்கு நான் ஃபிக்ஸ்ட்தான் சொல்லுவேன், வில்லு சரியா டியூன் ஆகலன்னா அது உடனே காட்டிக் குடுத்துடும், பயிற்சி முனை ஒரு பக்கம் போக பிளேடு முனை நாலு இஞ்ச் தள்ளிப் போகும். கடைலயே பேப்பர் டியூன் பண்ணித் தரச் சொல்லுங்க. ஒரு காகிதத்த ஃபிரேம்ல கட்டி அது வழியா எய்வாங்க, ஓட்டை புல்லட் போன மாதிரி சுத்தமா இருந்தா அம்பு நேரா போகுது, கிழிசல் ஒரு பக்கம் இழுத்திருந்தா அம்பு உக்காருற ரெஸ்ட்ட நகர்த்துவாங்க. அப்புறம் ஒரு விஷயம், அந்த பிளேடெல்லாம் ஷேவிங் பிளேடு மாதிரி, மாட்டுறப்ப திருகி கைய அறுத்துக்காதீங்க, அதுக்குன்னு பிளாஸ்டிக் ரெஞ்ச் கூடவே வரும்.

பயிற்சிக்கு வருவோம். ஜூலைல ஆரம்பிச்சா தாராளம். முதல் ரெண்டு வாரம் அஞ்சு யார்டுல, டார்கெட்ட ஒட்டி நின்னு, கண்ண மூடிக்கிட்டு கூட எய்யலாம், குறி முக்கியமில்ல, இழுக்குறதும், ரிலீஸ்ங்கிற நாணப் பிடிச்சு விடுற கருவி தானா விடுபடுறதும் உடம்புல ஊறணும். டக்குனு ட்ரிகர அமுக்குற பழக்கம் வந்துச்சுன்னா அப்புறம் போகவே போகாது, அதுக்கு டார்கெட் பேனிக்னு பேரு. ஒரு நாளைக்கு நூறு அம்பு விடாதீங்க, தோள்பட்டை போயிடும், முப்பது போதும்.

ஆகஸ்ட் நடுவுலேந்து பழக்கத்த மாத்துங்க. காலைல ஆபீஸ் கிளம்புறதுக்கு முன்னாடி கொல்லைல போய் ஒரே ஒரு அம்பு. வார்ம் அப் கிடையாது, ரெண்டாவது அம்பு கிடையாது. எங்க குத்துச்சுன்னு நோட்டுல எழுதி வைங்க. காட்டுல உங்களுக்குக் கிடைக்கப் போறது அந்த ஒரு அம்புதான், பத்து அம்பு விட்டு சூடேறின அப்புறம் வர்ற பத்தாவது அம்பு இல்ல. அந்தக் குளிர்ந்த அம்பு பத்து நாள்ல ஒன்பது நாள் சாப்பாட்டு பேப்பர் தட்டு அளவுக்குள்ள எந்த தூரத்துல விழுதோ அதுதான் உங்க தூரம். என் நோட்டுல முதல் வருஷம் 30 யார்டுல பத்துக்கு ஆறுதான் இருந்துச்சு. ஆனா நான் அத மதிக்கல.

மதிக்காததுக்கு என்ன ஆச்சுன்னு சொல்றேன். நவம்பர் முதல் வாரம், சாயங்காலம், 34 யார்டுல ஒரு பெட்டை. என்னைப் பாத்துட்டு காத ரெண்டும் முன்னாடி திருப்பி நின்னுச்சு. விட்டேன். அம்பு போய்ச் சேர்றதுக்குள்ள அது வயித்த தரையோட ஒட்டுற மாதிரி தாழ்ந்துடுச்சு, அம்பு முதுகெலும்புக்கு மேல சதைல பட்டுப் போச்சு. இதுக்குக் கணக்கு இருக்கு. என் அம்பு செகண்டுக்கு 270 அடி போகும், நாண் சத்தம் ஏறக்குறைய 1,100 அடி போகும். 20 யார்டுல அம்பு போக 0.22 செகண்ட், சத்தம் கேட்டு மான் அசைய அதுக்குக் கிடைக்கிறது 0.17 செகண்ட். 35 யார்டுல அது கிட்டத்தட்ட 0.3 செகண்ட் ஆயிடும். மான் தப்பிச்சு ஓடணும்னு தாழல, பாய்றதுக்கு காலை மடக்குது, அவ்வளவுதான். அன்னைக்கு ராத்திரி டார்ச் வச்சுக்கிட்டு பதினொரு மணி வரை, மறுநாள் லீவு போட்டு மத்தியானம் வரை தேடினேன், கிடைக்கல. ரத்தம் நூறு யார்டுல நின்னுடுச்சு. சதைக் காயம்தான், பிழைச்சிருக்கும்னு பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார், எனக்கு அந்த வாரம் சோறு இறங்கல. 20 யார்டுன்னு நான் திரும்பத் திரும்ப சொல்றது அதனாலதான்.

அப்ப மான் 20 யார்டுக்குள்ள வரணுமே, அதுக்குத்தான் பாதி தயாரிப்பே. ஆன் ஆர்பர்லேந்து உங்களுக்குப் பக்கத்துலயே வாட்டர்லூ ரெக்ரியேஷன் ஏரியா இருக்கு, 20,000 ஏக்கருக்கு மேல, பிங்க்னியும் இருக்கு. மேப் ஆப்ல சாட்டிலைட் படத்தையும் மேடு பள்ளக் கோட்டையும் மாத்தி மாத்திப் பாருங்க. சதுப்புக்கும் ஓக் காட்டுக்கும் நடுவுல குறுகலா ஒரு மேட்டு நிலம் ஓடுதா, ரெண்டு குளத்துக்கு இடையில ஒரு வழிதான் இருக்கா, அந்த மாதிரி இடத்தக் குறிச்சுக்கிட்டு நேர்ல போங்க. ஒத்தையடிப் பாதை, புழுக்கை, குளம்புத் தடம், கொம்ப உரசி பட்டை உரிஞ்ச மரக்கன்னு, இதெல்லாம் பாருங்க. வெள்ளை ஓக் மரம் எதுன்னு கத்துக்கோங்க, இலையோட விளிம்பு மடல் மடலா உருண்டு இருக்கும், சிவப்பு ஓக்குக்கு கூரா இருக்கும். வெள்ளை ஓக்கோட ஏகார்ன்ங்கிற கொட்டைல துவர்ப்பு கம்மி, அது விழ ஆரம்பிச்சா மான் வேற எதையும் திரும்பிப் பாக்காது. நாங்க சின்ன வயசுல இலுப்பைப் பூ விழுற மரத்தடிய ராத்திரில வௌவால் சத்தத்த வச்சு கண்டுபிடிப்போம், அதே மாதிரிதான், மான் தின்ன மிச்ச ஏகார்ன் தொப்பி தரைல சிதறிக் கிடக்கும்.

சோளம் கொட்டி வச்சா வருமேன்னு தோணும். வேண்டாம். மானுக்கு வர்ற சிடபிள்யூடிங்கிற மூளை நோய் மிச்சிகன் காட்டு மான்ல 2015-ல இங்கம் கவுன்டில முதல்ல கண்டுபிடிச்சாங்க, தீனி போட்டா பல மான் ஒரே இடத்துல வாய் வைக்கும்னு 2019-ல கீழ் தீபகற்பத்துல, அதாவது ஆன் ஆர்பர் இருக்குற மிச்சிகனோட தெற்குப் பாதில, அதுக்குத் தடை போட்டுட்டாங்க.

இடத்தக் கண்டுபிடிச்சாச்சுன்னா காத்து. இத நான் எவ்வளவு சொன்னாலும் முதல் வருஷம் யாரும் கேக்க மாட்டீங்க. மான் உங்களப் பாத்தா ஒரு நிமிஷம் யோசிக்கும், கேட்டா திரும்பிப் பாக்கும், மோந்துச்சுன்னா யோசனையே கிடையாது, வால வெள்ளையாத் தூக்கிக்கிட்டு போயிடும். வாசம் தெரியாத சோப்பு, ஸ்ப்ரே எல்லாம் வாங்கலாம், தப்பில்ல, ஆனா நம்ம வீட்டுல முக்கியமான விஷயம் தாளிப்பு. வேட்டைத் துணிய வீட்டுக்குள்ள மாட்டாதீங்க. பிளாஸ்டிக் டப்பால போட்டு கராஜ்ல வைங்க, காட்டுக்குப் போய் கார் பக்கத்துல நின்னு மாத்துங்க. பெருங்காயத்த மோந்த மிச்சிகன் மான் என்ன பண்ணும்னு நான் பாத்திருக்கேன். துணிய வாசனை சோப்புத் தூள்லயும் துவைக்காதீங்க, அதுல இருக்குற பளிச்சுனு காட்டுற ரசாயனம் நீல ஒளியத் திருப்பும், மானுக்கு ஆரஞ்சும் சிவப்பும் சரியா தெரியாது, ஆனா நீலம் நல்லாவே தெரியும்.

காத்து பாக்க பவுடர் டப்பா விப்பாங்க. அதவிட ரோட்டோரம் செப்டம்பர் கடைசில காய் வெடிக்கிற மில்க்வீட் பஞ்சு நல்லது, காசும் இல்ல. நம்ம எருக்கங்காய் பஞ்சு மாதிரியே இருக்கும், சொந்தக்காரச் செடிதான். மரத்துல கட்டுற பரண் மேல உக்காந்து ஒண்ண விட்டீங்கன்னா அது முப்பது யார்டு மிதந்து போறதக் கண்ணால பாக்கலாம், அப்பத்தான் தெரியும் காத்து ஒரே நேர்க்கோட்டுல போறதில்ல, மேட்டத் தாண்டி சுழிச்சு உங்க முதுகுப் பக்கமே திரும்புதுன்னு. காலைல வெயில் ஏற ஏற காத்து சரிவுல மேல ஏறும், சாயங்காலம் குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். அதனால ஒரே மரம் காலைக்கு ஒத்து வரும், மாலைக்கு ஒத்து வராது. குறைஞ்சது மூணு மரம் தேடி வைங்க, அன்னைக்கு காத்து எதுக்கு ஒத்து வருதோ அது. எதுக்குமே ஒத்து வரலன்னா வீட்டுல இருந்து மேட்ச் பாருங்க. நல்ல இடத்தக் கெடுக்க ஒரு தப்பான நாள் போதும். நடந்து போற வழியும் அப்படித்தான், மான் படுக்குற புதருக்கு நடுவுல போய் அத எழுப்பி விட்டுட்டு மரத்துல ஏறி உக்காந்து என்ன பிரயோஜனம்? ஓடை இருந்தா ஓடைக்குள்ளயே நடங்க.

பரண் பத்தி. 18, 20 அடி போதும், ரொம்ப மேல போனா அம்பு செங்குத்தா இறங்கி ஒரு நுரையீரல்தான் கிடைக்கும். உடம்பு முழுக்க மாட்டுற ஹார்னஸ் இல்லாம ஏறாதீங்க. உக்காந்த அப்புறம் மாட்டிக்கலாம்னு நினைக்காதீங்க, பெரும்பாலும் விழுறது ஏறும்போதும் இறங்கும்போதும்தான். லைஃப்லைன்னு ஒரு கயிறு பரணுக்கு மேலேந்து மரத்தடிவரை தொங்கும், அதுல கையால நகர்த்தினா நகர்ந்து, ஆள் விழுந்தா இறுகிப் பிடிக்கிற முடிச்சோட உங்க ஹார்னஸ்ஸ தரைலயே மாட்டிடணும். வில்ல கைல தூக்கிட்டு ஏறக்கூடாது, மேல போய் கயிறு கட்டி இழுத்துக்கணும், அம்பு மாட்டாம. பொது நிலத்துல மரத்துல ஆணி, ஸ்க்ரூ அடிக்கக் கூடாது, பரண்ல உங்க அடையாளம் எழுதியிருக்கணும். எந்த மரம்னு வீட்டுல மேப்ல பின் அனுப்பிட்டுப் போங்க. என் மனைவிக்கு இந்த வேட்டைல ஒரு துளி இஷ்டமில்ல, ஆனா அந்தப் பின் வராட்டி போன் பண்ணிக்கிட்டே இருப்பா. அதுக்கு போன சைலன்ட்ல போடணும்ங்கிறது இன்னொரு பாடம்.

எப்ப போகலாம்? வில் சீசன் அக்டோபர் 1-லேந்து நவம்பர் 14 வரை, அப்புறம் நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கி, டிசம்பர்ல திரும்ப வில். துப்பாக்கி சீசன்ல வில்லோட போனாலும் ஆரஞ்சு போட்டே ஆகணும். எய்யலாம்ங்கிற நேரம் சூரியன் உதிக்க அரை மணி முன்னாடிலேந்து அஸ்தமிச்சு அரை மணி வரைக்கும்தான். அக்டோபர் முதல் வாரம் சாயங்காலம் மட்டும் போங்க, மான் தின்ன வர்ற வழில. அக்டோபர் கடைசிலேந்து ரட், அதாவது ஆண் மான் பெட்டையத் தேடி அலையிற காலம், பகல் குறையிறத வச்சு அது ஏறக்குறைய வருஷா வருஷம் ஒரே தேதில வரும், அப்ப நாள் முழுக்க உக்காரலாம். லீவு கொஞ்சம்தான் இருக்குன்னா நவம்பர் 3-லேந்து 12-க்குள்ள போடுங்க. கொம்புக்கு ஆசைப்படாம முதல்ல வர்ற பெட்டைய எடுங்க, கறியும் நல்லா இருக்கும், நடுக்கமும் தெளியும்.

எய்யும்போது மான் பக்கவாட்டுல நிக்கணும், இல்லன்னா லேசா நம்மள விட்டு அந்தப் பக்கம் திரும்பியிருக்கணும். முன்னங்காலுக்குப் பின்னாடி, உடம்பு உயரத்துல கீழேந்து மூணுல ஒரு பங்கு. நம்மப் பாத்து நேரா நின்னா விடவே வேண்டாம். விட்டதும் அது கடைசியா எந்த மரத்துப் பக்கம் மறைஞ்சதுன்னு மனசுல பதிச்சுக்கோங்க, கைகால் நடுங்கும், அரை மணி நேரம் இறங்காதீங்க. அம்ப எடுத்துப் பாருங்க: ரோஸ் கலர்ல நுரையோட ரத்தம்னா நுரையீரல், மான் பக்கத்துலயே கிடக்கும். கருஞ்சிவப்புன்னா ஈரல், நாலஞ்சு மணி நேரம் விடணும். பச்சையா புல் நாத்தம் அடிச்சா வயிறு, எட்டு பத்து மணி நேரம் கிட்டயே போகாதீங்க, சீக்கிரம் போய் விரட்டினா அது எங்கயோ போய்ச் செத்து யாருக்கும் இல்லாம போயிடும். அடுத்தவர் நிலத்துக்குள்ள ஓடிடுச்சுன்னா கேட்டுட்டுத்தான் போகணும்.

மான் கிடைச்சதும் டேக், அப்புறம் 72 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல ரிப்போர்ட். குடல அங்கயே எடுத்துடுங்க, அக்டோபர் ஆரம்பத்துல இங்க 25 டிகிரி செல்சியஸ் கூட அடிக்கும், கறி கெட்டுப் போகும், கார்ல ரெண்டு பை ஐஸ் இருக்கணும். உங்க கவுன்டில சிடபிள்யூடி இருந்தா தலைய டெஸ்டுக்குக் குடுங்க, ரிசல்ட் வர்ற வரை கறிய ஃப்ரீசர்ல வைங்க, நோய் இருக்குன்னு வந்தா சாப்பிடாதீங்க. கறில கொழுப்பு ரொம்பக் கம்மி, அதனால ஆட்டுக்கறி மாதிரி வேகவச்சுக்கிட்டே இருந்தா மரக்கட்டை ஆயிடும். தொடைக்கறிய தயிர்ல ஒரு ராத்திரி ஊறவச்சு சின்ன வெங்காயம், மிளகு தூக்கலா போட்டு நல்லெண்ணெய்ல சுக்கா பண்ணுங்க, முதுகுத்தண்டோரம் இருக்குற கறிய வெறும் உப்பு மிளகுல ரெண்டு பக்கமும் வாட்டினா போதும்.

ஒண்ணு விட்டுப்போச்சு. நாண் இழுக்குற ரிலீஸ் ரெண்டு வாங்குங்க, ஒண்ணு பேக்லயே கிடக்கட்டும். மூணாவது சீசன்ல இருட்டுல நாப்பது நிமிஷம் நடந்து, மரத்துல ஏறி, வில்ல இழுத்து மாட்டி, கைய நீட்டினப்பத்தான் அது வீட்டு டைனிங் டேபிள்ல இருக்குன்னு ஞாபகம் வந்துச்சு. அன்னைக்குன்னு பாத்து ரெண்டு பெட்டை 12 யார்டுல வந்து, முக்கால் மணி நேரம் ஏகார்ன் மென்னுட்டு, அதுல ஒண்ணு என்ன அண்ணாந்து பாத்துட்டு நிதானமா நடந்து போச்சு.